மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நான் வேலை செய்கிற சாப்பாட்டுக்கடைக்கு முன்னால் ஒரு மொறிஸ் மைனர் வந்து நின்றது. நிறுத்தவில்லை, தானாக நின்றுவிட்டது. ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இறங்கி, பொனற்றைத் திறந்துவிட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். நான் குப்பை போட வெளியே வந்தவன். பெற்றோல் மணம் மூக்கில் அடித்ததும் கால் தானாக அந்தப் பக்கம் போய்விட்டது.

காபரேற்றரின் பக்கத்தில் இருக்கிற சின்னக் கிண்ணத்தில் இருந்து பெற்றோல் வழிந்துகொண்டிருந்தது. "பார்க்கட்டா?" என்று கேட்டேன். ஏப்ரனோடு நின்ற என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, தலையாட்டினார். அவரிடம் ஒரு ஸ்குறூ ட்றைவர் வாங்கி, அதன் பிடியால் அந்தக் கிண்ணத்தின் மூடியில் மெதுவாக நாலு தட்டுத் தட்டினேன். வழிந்தது நின்றது. சிந்தின பெற்றோலைத் துடைத்து, பத்து நிமிசம் காயவிட்டு, "இப்ப ஸ்ராட் பண்ணுங்கோ" என்றேன். கார் பிடித்துக்கொண்டது.

கிழவருக்குப் பெரிய சந்தோசம். "எங்கே படித்தாய்?" என்று கேட்டார்.

"பெரியப்பாவிடம்."

"அவர் மெக்கானிக்கா?"

"இல்லை. பள்ளிக்கூட வாத்தியார்."

அதற்குமேல் எனக்கு அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. உள்ளே ஓடர் வந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள், போய்விட்டேன். சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் காபரேற்றர் என்றால் என்ன என்று இப்போதைய பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியிருக்கிறது. எங்கள் கடையில் வேலை செய்கிற பொடியன் ஒருவன் அன்றைக்கே கேட்டான், "அண்ணை, அது என்ன சாமான்?" என்று. அவன் பிறந்தபோது அது புதுக்கார்களில் இருந்து இல்லாமல் போய்விட்டது. 1993 ஜனவரியில் இருந்து ஐரோப்பாவில் புதுக்கார்களுக்குப் புகைக் கட்டுப்பாடு கடுமையாக, எல்லோரும் கம்பியூட்டர் கணக்குப் பார்த்து எரிபொருளைப் பீச்சுகிற முறைக்கு மாறிவிட்டார்கள்.

பெற்றோல் திரவமாக எரியாது. அதன் ஆவிதான் எரியும். ஒரு பங்கு பெற்றோலுக்குக் கிட்டத்தட்ட 15 பங்கு காற்று, நிறைக் கணக்கில். இந்தக் கலவையைச் செய்வதுதான் காபரேற்றரின் வேலை. காற்றை ஒரு ஒடுங்கின வழியால் போகவிட்டால் வேகம் கூடும், வேகம் கூடின இடத்தில் அமுக்கம் குறையும், குறைந்த இடத்துக்குப் பெற்றோல் இழுபடும். பல்கலைக்கழகத்தில் பௌதிகத்தைப் பாதியில் விட்ட எனக்கு இன்றைக்கும் மறக்காமல் இருக்கிற ஒரே பாடம் இந்த பேர்னூலி தத்துவம்தான். அதுவும் வகுப்பில் விளங்கினதல்ல, பெரியப்பாவின் கார் பொனற்றுக்குக் கீழே விளங்கினது.

பெற்றோலைத் துவாரத்தால் பீச்சித் தெளிக்கிற காபரேற்றர் 1893 இல் வந்தது. ஜேர்மனியில் மேபாக், ஹங்கேரியில் பாங்கியும் சொங்காவும் என்று ஒரே வருசத்தில் இரண்டு இடத்தில் வந்தது. அதற்கு முதல் பென்ஸ் செய்த காரில் பெற்றோலின் மேற்பரப்பால் காற்றை விட்டு ஆவியை எடுத்தார்கள். அந்தக் காரை 1888 ஆகஸ்டில் பென்ஸின் மனைவி பெர்த்தா, புருசனுக்குச் சொல்லாமல் இரண்டு பொடியன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமில் இருந்து போர்ட்ஸ்ஹைமுக்கு 100 கிலோமீற்றர் அளவு ஓட்டிக்கொண்டு போனார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பியில் குத்துகிற ஊசியால் குத்தி அடைப்பை எடுத்தாராம். எரிபொருள் முடிய, வீஸ்லொக் என்ற ஊரில் மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். கார்ச் சரித்திரத்தின் முதல் நெடும்பயணத்திலேயே நடுறோட்டுத் திருத்தவேலையும் இருந்திருக்கிறது, செய்தது ஒரு தாய்.

மொறிஸ் மைனரில் இருக்கிறது எஸ்.யூ. காபரேற்றர். ஸ்கின்னர் என்ற சகோதரர்கள் 1905 அளவில் காப்புரிமை எடுத்தது. சப்பாத்து வியாபாரக் குடும்பம். முதல் வந்த காபரேற்றர்களில் தோலால் செய்த துருத்தி ஒன்று வைத்திருந்தார்கள் என்றால் காரணம் விளங்கும்தானே. பிறகு துருத்திக்குப் பதில் உலோகப் பிஸ்ரன் வந்தது. என்ஜின் காற்றைக் கூட இழுக்க பிஸ்ரன் மேலே எழும்பும், அதோடு சேர்ந்து ஒரு கூரான ஊசியும் ஜெற்றுக்குள் இருந்து எழும்பும், ஊசி எழும்ப பெற்றோலும் கூடும். அவ்வளவுதான். ஒரே ஒரு ஜெற், ஒரே ஒரு ஊசி. 1926 இல் மொறிஸ் முதலாளி இந்தக் கொம்பனியை வாங்க, பிறகு இங்கிலாந்தின் பாதிக் கார்களில் இந்தச் சாமான்தான்.

இரண்டாம் உலக யுத்தத்தில் ஸ்பிற்பயர், ஹரிக்கேன் விமானங்களின் மேர்லின் என்ஜினிலும் இதே எஸ்.யூ.தான். ஜேர்மன் விமானம் மூக்கைக் குத்திக்கொண்டு கீழே பாய்ந்தால், துரத்திப் பாய்கிற பிரிட்டிஷ் விமானத்தின் என்ஜின் ஒரு கணம் நிற்கும். ஜேர்மன்காரனிடம் பீச்சுகிற முறை இருந்தது, இவர்களிடம் மிதவைக் கிண்ணம். விமானம் சட்டென்று குத்தினால் கிண்ணத்துக்குள் பெற்றோல் மேலே போய்விடும். 1941 இல் பாண்பறோ ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த பியற்றிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியியலாளர் ஓட்டை போட்ட ஒரு சின்னப் பித்தளைச் சாமானைப் பெற்றோல் வழியில் வைத்து அந்தக் கோளாறைப் பெரும்பாலும் தீர்த்தார். யுத்தம் என்று வந்தால் ஒரு சின்ன ஓட்டையின் அளவிலும் உயிர்கள் தொங்கும். இது எங்களுக்கும் தெரியும், வேறு மாதிரி.

இனி எங்கள் ஊருக்கு வருவோம்.

யாழ்ப்பாணத்தில் ஏன் அவ்வளவு பழைய இங்கிலாந்துக் கார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அறுபதுகளில் இருந்து இலங்கையில் கார் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. சிறிமாவோ காலத்தில் அது இன்னும் இறுகியது. 1977 இல் ஜே.ஆர். வந்து பொருளாதாரத்தைத் திறந்துவிடும்வரை இருக்கிற காரைத் திருத்தித் திருத்தி ஓடவேண்டியதுதான். ஆகவே மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, சோமசெற், கேம்பிறிட்ஜ் எல்லாம் எங்கள் ஊரில் கிழடாகாமல் இருந்தன. பெரியப்பாவின் மைனரும் அப்படி ஒன்று, 1958 ஆம் ஆண்டுக் கார், 948 சீசீ. அதைக் கழற்றிப் பூட்டாத ஒழுங்கை மெக்கானிக் கொக்குவிலில் இல்லை.

1990 ஜூனில் திரும்பவும் சண்டை தொடங்கியது. மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, உரம், சவர்க்காரம் என்று வடக்குக்கு வரக்கூடாத சாமான்களின் பட்டியல் நீண்டது. அந்தக் காலத்தை அனுபவித்தவர்களுக்கு ஜாம் போத்தல் விளக்கும், சைக்கிளைத் தலைகீழாக வைத்து டைனமோ சுற்றி றேடியோ கேட்டதும் நினைவிருக்கும். மண்ணெண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைத்தது, கூப்பனிலும் கறுப்பிலும். கார்களும் மோட்டச்சைக்கிள்களும் மண்ணெண்ணெய்க்கு மாறின.

"மண்ணெண்ணெயில கார் ஓடுமோ?" என்று இங்கே பிறந்த பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஓடும். ஆனால் ஸ்ராட் வராது. பெற்றோல் கடுங்குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய் தீப்பிடிக்கிற அளவு ஆவியாக 38 பாகைக்கு மேல் சூடு வேண்டும். ஆனபடியால் குளிர்ந்த என்ஜினை ஒரு சொட்டுப் பெற்றோலில் எழுப்பி, அது சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். இதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி வைத்திருந்தார்கள். பெரியப்பா பொனற்றுக்குள் ஒரு சேலைன் போத்தலைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அதில் பெற்றோல். அதன் ரியூப்பும் மண்ணெண்ணெய்த் தாங்கியின் குழாயும் ஒரு சின்ன ரப்பில் வந்து சேரும். ஸ்ராட் பண்ணி, இரண்டு மூன்று நிமிசம் ஓடவிட்டு, ரப்பைத் திருப்புவார். சைலன்சரில் இருந்து வெள்ளைப் புகை வரும். அந்த மணம் இன்றைக்கும் எங்கேயாவது மண்ணெண்ணெய் மணத்தால் எனக்கு வயது 12 ஆகிவிடும்.

நிறுத்தும்போதும் ஒரு முறை இருந்தது. வீடு வர அரை மைல் இருக்கும்போதே திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றவேண்டும். இல்லாவிட்டால் காபரேற்றருக்குள் மண்ணெண்ணெய் நிற்கும், அடுத்தநாள் காலை கழற்றி ஊற்றவேண்டி வரும். பெற்றோலை மிச்சம் பிடிக்க நினைத்தவர்கள் கழற்றி ஊற்றினார்கள்.

இது யாழ்ப்பாணத்தான் கண்டுபிடித்த வித்தை என்று பலர் பெருமையாகச் சொல்லுவார்கள். நானும் சொல்லித்திரிந்தவன்தான். இங்கே வந்து பிறகுதான் தெரிந்தது, இங்கிலாந்துக் கமக்காரர்கள் எங்களுக்கு முதலே இதைச் செய்திருக்கிறார்கள். மண்ணெண்ணெய்க்கு வரி குறைவு என்றபடியால் உழவு இயந்திரங்களுக்கு அந்த வகை எண்ணெய் ஒன்று விற்றார்கள். பெற்றோலுக்கு ஒரு சின்னத் தாங்கி, எண்ணெய்க்கு ஒரு பெரிய தாங்கி, நடுவில் ஒரு ரப். 1949 இல் வந்த பேர்குசன் உழவு இயந்திரத்தின் ஒரு மொடல் அப்படித்தான் வந்தது. பெரியப்பாவின் சேலைன் போத்தலும் அதே தத்துவம். ஒரு வித்தியாசம். அவர்களுக்கு அதைக் கொம்பனி செய்துகொடுத்தது, அழுத்த விகிதத்தைக் குறைத்து, புகைக்குழாய்ச் சூட்டால் எண்ணெயைச் சூடாக்கி, எல்லாம் கணக்குப் பார்த்து. எங்களுக்கு ஒழுங்கை மெக்கானிக் செய்துதந்தார், ஒரு ஸ்பாணரும் ஒரு நெருப்புப்பெட்டிக் குச்சியும் வைத்துக்கொண்டு.

அந்த மெக்கானிக்குகள் செய்ததை யாரும் எழுதிவைக்கவில்லை. எனக்குத் தெரிந்ததையாவது எழுதிவிடுகிறேன். மண்ணெண்ணெய் பெற்றோலைவிடப் பாரம், தடிப்பு. அதே ஜெற்றால் அதே அளவு வராது. எஸ்.யூ. காபரேற்றரின் அடியில் இருக்கிற அறுகோண நட்டைத் திருப்பி ஜெற்றைக் கொஞ்சம் இறக்குவார்கள், இறக்கினால் எரிபொருள் கூடும். மண்ணெண்ணெய் முன்னதாகவே வெடித்து என்ஜினில் "டக்கு டக்கு" என்று அடிக்கும். அதற்குத் தீப்பொறி விழுகிற நேரத்தைக் கொஞ்சம் பிந்தவிடுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரால் கீழே வடிந்து என்ஜின் ஒயிலோடு கலக்கும். ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தால் ஒயில் குறையவேண்டியதற்குப் பதில் கூடியிருக்கும். அதைக் கண்டு சந்தோசப்பட்டவர்களின் என்ஜின்தான் முதலில் போனது. பிளக் கரி பிடிக்கும், வாரத்துக்கு இரண்டு தரம் துடைக்கவேண்டும். அழுத்த விகிதம் குறைந்த பழைய என்ஜின்கள் இதையெல்லாம் தாங்கின.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். இப்போது அந்தக் காலத்தை நினைத்துக் கதைக்கிறவர்கள், நாங்கள் எல்லாவற்றையும் சமாளித்தோம் என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். 2022 இல் தெற்கில் சனம் பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றபோது, "நாங்கள் மண்ணெண்ணெயில கார் ஓடின ஆக்கள்" என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். பிறகு வெட்கமாக இருந்தது. சமாளிக்க முடியாமல் போனவைகளை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

1993 இல் ஒருநாள் இரவு, எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்காவுக்குப் பிரசவ வலி. பெரியப்பாவின் கதவைத் தட்டினார்கள். சேலைன் போத்தலில் பெற்றோல் இல்லை. அன்று பின்னேரம்தான் ஒரு கலியாணவீட்டுக்குப் போய்வந்து முடிந்திருந்தது. பெரியப்பா மண்ணெண்ணெயைச் சூடாக்கி ஊற்றிப் பார்த்தார், தள்ளிப் பார்த்தார்கள், பற்றறி விழும்வரை அடித்துப் பார்த்தார். கடைசியில் சைக்கிள் கரியரில் இருத்தி இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அக்கா தப்பினார். பிள்ளை தங்கவில்லை.

கார் போயிருந்தால் தங்கியிருக்குமா என்று யாருக்கும் தெரியாது. அந்த வீட்டார் ஒரு சொல் குறை சொன்னதும் இல்லை. ஆனால் அடுத்த கிழமை பெரியப்பா எங்கேயோ அலைந்து ஒரு போத்தல் பெற்றோல் வாங்கிவந்தார். வாய்க்குத் தக்கை இறுக்கி, மெழுகு ஊற்றி, சாமியறைக்குப் பின்னால் புதைத்துவைத்தார். "இது காருக்கு இல்லை. ஆருக்கும் அவசரமெண்டாத்தான்" என்றார். இரண்டு வருசம் அதைத் தொடவில்லை.

தொட்டது 1995 ஒக்ரோபர் 30 இரவு.

அந்த இரவைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். பின்னேரம் ஒலிபெருக்கியில் இடம்பெயரச் சொல்லி அறிவித்தார்கள். வலிகாமம் முழுக்க, சில இலட்சம் சனம், ஒரே இரவில் தென்மராட்சிக்குப் போக வெளிக்கிட்டது. மழை. எனக்கு 16 வயது. அப்பம்மாவுக்கு நடக்க ஏலாது. பெரியப்பா புதைத்த போத்தலைக் கிண்டி எடுத்தார்.

கொக்குவிலில் கார் ஸ்ராட் வந்தது. ஆனால் றோட்டில் சனம் ஒரு அடி எடுத்து வைத்து ஒரு நிமிசம் நிற்கிறது. கார் அதுக்குள் ஊரவேண்டும். மண்ணெண்ணெய்க்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை. வேகமாக ஓடினால்தான் என்ஜின் சூடாக இருக்கும். ஊரும்போது, அதுவும் மழையில், ஆவியாகாமல் பிளக்கெல்லாம் நனைந்து நின்றுவிடும். நின்றால் திரும்பவும் பெற்றோல். பெரியப்பா ஒரு நெருப்புப்பெட்டியில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வந்தார். ஒரு ஸ்ராட்டுக்கு ஒரு கோடு. நான் குடைபிடிக்க, அவர் பிளக்கைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைப்பார். ஒருக்கால் புளோட் கிண்ணத்தைக் கழற்றிப் பார்த்தால் அடியில் தண்ணீர். கறுப்பில் வாங்கின மண்ணெண்ணெய். ஜெற்றை வாயில் வைத்து ஊதி, துப்பி, பூட்டினார். பின்னால் நின்ற சனம் ஏசினது. ஏசினவர்களே பிறகு தள்ளினார்கள்.

நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட 11 ஆவது கோடு. அதோடு போத்தல் முடிந்தது. மிச்சத் தூரம், விடிந்து மத்தியானம்வரை, தள்ளினோம். அப்பம்மா உள்ளே இருந்து தேவாரம் பாடிக்கொண்டு வந்தார். நான் அந்தக் காரைக் கடைசியாகப் பார்த்தது சாவகச்சேரியில் ஒரு வளவுக்குள், வாழைக்குக் கீழே. 1996 ஏப்ரலில் நாங்கள் திரும்பிப் போனபோது அதைக் கொண்டுபோக வழியில்லை.

லண்டன் வந்து, 2002 இல், நான் வாங்கின முதல் கார் ஒரு மெற்றோ, 1989 மொடல். சாப்பாட்டுக்கடை பூட்ட நடுச்சாமம் தாண்டும், இரவு பஸ்ஸுக்கு நின்று நின்று அலுத்துப்போய் வாங்கினது. விலை 250 பவுண்ஸ். சிவப்பு வெளிச்சத்தில் நிற்கும்போது என்ஜின் தானும் நின்றுவிடும். பின்னால் கறுப்புப் புகை. எம்.ஓ.டி. சோதனையில் காபன் மொனொக்சைட் 3.5 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது, எனக்கு அது 7 ஐத் தாண்டிவிட்டது. கராச்சில், "உடைக்கக் குடுத்துவிடு" என்றார்கள். எனக்கு அது ஒரு மாதச் சேமிப்பு.

வீட்டுக்கு முன்னால் நிறுத்தி முதல்தரம் பொனற்றைத் திறந்து காற்று வடியைக் கழற்றினவன் அப்படியே நின்றேன். உள்ளே இருந்தது எஸ்.யூ. அதே பிஸ்ரன், அதே தலையில் கறுப்புத் திருகுமூடி. என்ஜினும் அதே பரம்பரை. 1951 இல் ஒஸ்ரின் கொம்பனி செய்த ஏ வகை என்ஜின், அடுத்த வருசம் மொறிஸ் மைனருக்கு வந்தது, பிறகு மினிக்கு, பிறகு மெற்றோவுக்கு. கொக்குவிலில் கண்ட முகம்.

ரெலிபோன் காட் ஒன்று வாங்கிப் பெரியப்பாவுக்கு எடுத்தேன். சமாதான காலம், லைன் வேலை செய்தது.

"தம்பி, காபரேற்றரில கை வைக்காத. முதல் பிளக்கைப் பார். பாதி நேரம் பிழை அதில இருக்காது."

பார்த்தேன். கரி. தீப்பொறி நல்லாகத்தான் இருந்தது.

"சரி, அப்ப பிஸ்ரனை விரலால தூக்கி விடு. 'டிக்' எண்டு விழுதோ?"

விழுந்தது.

"மூடியைக் கழற்று, ஒயில் இருக்கோ? இல்லாட்டி மெல்லிய ஒயில் விடு. பிஸ்ரனுக்கு அரத்தாள் போட்டுத் தேய்ச்சியோ, கொன்றுபோடுவன்."

ஒயில் இருந்தது.

"இப்ப என்ஜின் ஓடேக்க பிஸ்ரனை ஒரு மயிரளவு தூக்கு. என்ஜின் வேகம் கூடி, கூடினபடி நிண்டா பெற்றோல் கூட. செத்துப்போனா பெற்றோல் குறைவு. கொஞ்சம் கூடிப் பிறகு பழையபடி வந்தா சரி."

கூடியபடி நின்றது. காட்டில் ஒரு நிமிசம்தான் மிச்சம் என்று அந்தப் பெண் குரல் சொன்னது.

"அப்ப புளோட்டைக் கழற்றிக் காதில வைச்சு ஆட்டிப் பார். உள்ளுக்குச் சத்தம் கேட்டா..."

லைன் அறுந்தது. ஆட்டிப் பார்த்தேன். உள்ளே பெற்றோல் குலுங்கியது. மிதவை ஓட்டையாகி, மிதக்காமல் தாண்டிருக்கிறது. தாண்டால் ஊசி பெற்றோலை மூடாது, பெற்றோல் நிரம்பி வழியும். பழைய கார் உடைக்கிற இடத்தில் 3 பவுண்ஸுக்கு ஒன்று வாங்கிப் போட்டேன். மறுசோதனையில் பாஸ். அந்தக் கார் ஐந்து வருசம் ஓடியது.

அடுத்த கிழமை எடுத்துச் சொன்னபோது, பெரியப்பா கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு கேட்டார், "அங்க பெற்றோல் எவ்வளவு வேணுமெண்டாலும் குடுப்பாங்களோ?"

"ஓம் பெரியப்பா. ஆரும் கேக்கமாட்டினம்."

"நல்லது" என்றார்.

அவர் 2011 இல் போய்விட்டார். நான் போகவில்லை, விசாப் பிரச்சினை. சாமான்களைப் பிரித்தபோது என்ன வேண்டும் என்று ஊரில் இருந்து கேட்டார்கள். அந்த நெருப்புப்பெட்டி இருக்கிறதா என்று கேட்டேன். எந்த நெருப்புப்பெட்டி என்று திருப்பிக் கேட்டார்கள்.

2023 ஆகஸ்டில் இருந்து லண்டன் முழுக்கப் புகைக் கட்டணம். என்னுடைய அந்த மெற்றோ இன்றைக்கு இருந்தால் ஒரு நாளைக்குப் 12.50 பவுண்ஸ் கட்டவேண்டும். மொறிஸ் மைனருக்குக் கட்டணம் இல்லை. 40 வயது தாண்டிப் பதிந்த கார்கள் இங்கே சரித்திரச் சின்னம். அந்தக் கிழவர் அதை ஞாயிற்றுக்கிழமைகளில் காற்றாட ஓட்டித்திரிகிறார். அதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அடுத்தமுறை அவர் வந்தால் ஒரு தேத்தண்ணி கொடுத்து இருத்தி, அந்தச் சாமானை நான் எங்கே படித்தேன் என்று ஒழுங்காகச் சொல்லவேண்டும். பிறக்காமல் போன அந்தப் பிள்ளையில் இருந்து தொடங்கவேண்டும்.